பாஸ் போடு, தம்பி!

பள்ளியில் இருப்பது இரண்டே பந்து, வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாஸ் எப்படிச் சொல்லித் தருவது? (உடற்கல்வி ஆசிரியர், மருங்காபுரி)

வரிசையில் நிற்க வைத்தால் பாதிப் பிள்ளைகளின் காலில் பந்து படுவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு பந்துக்குப் பத்துப் பேர், அணிக்கு ஐவர். எதிரணி பறிக்காமல் பத்து பாஸ் போட்டால் ஒரு புள்ளி. மீதி இருபது பேர் அதே ஆட்டத்தை ரப்பர் பந்தை வைத்துக் கையால் ஆடட்டும். பந்தோடு ஓடக் கூடாது, மூன்று விநாடிக்குள் கொடுத்தாக வேண்டும். கிளித்தட்டில் சந்து பார்த்து நுழைந்த பிள்ளைகளுக்குக் காலி இடம் தேடி ஓடச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பத்து நிமிடத்தில் இரு கூட்டமும் பந்தை மாற்றிக்கொள்ளட்டும்.

என் மாணவர்கள் பந்தைக் கண்டாலே பெருவிரலால் குத்துகிறார்கள். பந்து எங்கோ போகிறது! (துவரங்குறிச்சி)

முதலில் உதைக்காத காலைத் திருத்துங்கள். அது பந்துக்குப் பக்கத்தில், யாருக்குக் கொடுக்கிறோமோ அவரைப் பார்த்து ஊன்ற வேண்டும். உதைக்கும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, விரல்களை மேலே தூக்கி, கணுக்காலை விறைப்பாக வைத்துப் பாதத்தின் உட்பக்கத்தால் பந்தின் நடுவில் தள்ளச் சொல்லுங்கள். அடித்த கால் அதே திசையில் சற்றுத் தொடர வேண்டும். இதைவிடப் பெரிய பாடம், பந்து வருமுன்பே தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்ப்பது. சிறந்த ஆட்டக்காரர்கள் இதை எத்தனை முறை செய்கிறார்கள் என்று நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் எண்ணியே பார்த்திருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர்களின் பாஸ்தான் அதிகம் சேருமிடம் சேர்கிறது.

பையன் ஒல்லி. மோதினால் விழுந்துவிடுவான். கால்பந்து ஒத்துவருமா? (ஒரு தாய், மணப்பாறை)

பாஸ் போடும் ஆட்டமே அவனைப் போன்றவர்களால் வளர்ந்ததுதான், அம்மா. 1872இல் கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் இங்கிலாந்துக்காரர்கள் எடை கூடியவர்கள். பந்தைத் தனியாளாக உருட்டிக்கொண்டு போய் மோதுபவர்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பந்தைத் தந்து ஆடினார்கள். முடிவு 0-0. தைரியமாக அனுப்புங்கள்.

பூட்ஸ் வாங்க வசதியில்லை. (எட்டாம் வகுப்பு மாணவன்)

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள், தம்பி. உட்பாதப் பாஸுக்கு வெறுங்கால் போதும். ஆனால் ஆடுமுன் மைதானத்தில் கருவேல முள் பொறுக்குவது எல்லாருடைய வேலை.

பெண் பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைக்கிறார்களே? (கோவில்பட்டி சாலை வாசகி)

கடலூரில் பிறந்த நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கே ஆடினார். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றார்கள். ஓரத்தில் உட்கார வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? ஒவ்வொரு ஐவர் அணியிலும் பெண்களைச் சேருங்கள். அவர்களுக்கும் பாஸ் போன பிறகே அந்தப் புள்ளி செல்லும் என்று விதி வையுங்கள்.

பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறாரே? (மாணவர் குழு)

அவரையும் மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். பந்து வைத்திருப்பவருக்கு இரு பக்கமும் ஆள் நின்றால் முக்கோணம். ஒருவர் நகர்ந்தால் கோணம் மாறும். நடத்த அவருக்கே ஆசை வரும். பீரியடை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள்.