புசா ரோட்டில் குழிக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையிலிருந்து வருபவர்களுக்குத் தெரிந்த சர்க்கார் முகவரி இரண்டுதான்: கார்ப்பரேஷன், கோட்டை. தில்லியில் கரோல் பாக் பக்கம் வீடு பார்க்கும் தமிழர்களுக்கு அது போதாது.

தேவையானவை: அளவு நாடா, வாக்காளர் அட்டை, ஃபிளாஸ்க் நிறையக் காபி.

1. சாலையை அளந்து பாருங்கள். 60 அடி அகலமோ அதற்கு மேலோ இருந்தால் குழி தில்லி அரசின் பொதுப்பணித் துறைக்குச் சேரும். பக்கத்துச் சந்து என்றால் மாநகராட்சிக்கு.

2. குழியில் தேங்கியிருப்பதை முகர்ந்து பாருங்கள். சாக்கடை என்றால் ஜல் போர்டு, குப்பை மிதந்தால் மாநகராட்சி, வெறும் மழைத்தண்ணீர் என்றால் மறுபடி அளவு நாடா. மூன்றும் கலந்திருந்தால் மூவருக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு மனுவிலும் மற்ற இருவர்மேல் பழியைப் போட்டுவிட்டால், பதில் எழுதும் வேலை அவர்களுக்கு மிச்சம்.

3. குழியில் வண்டி இறங்கி டிராஃபிக் நின்றுவிட்டதா? வரும் போலீஸ்காரர் மத்திய உள்துறையின் ஆள். 1991-இல் வந்த 69-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தில்லிக்குச் சட்டசபை கொடுத்தது. நிலம், போலீஸ், பொது ஒழுங்கு மூன்றையும் கொடுக்கவில்லை. முதல்வரிடம் போலீஸைப் பற்றி முறையிட்டால் அவரும் உங்களோடு சேர்ந்து முறையிடுவார். தலைக்கு மேல் ஓடும் மெட்ரோவில் மத்திய அரசுக்குப் பாதி, தில்லி அரசுக்குப் பாதி.

4. அதிகாரிகள் யார் சொல்லைக் கேட்பார்கள்? 2023 மே 11-இல் தில்லி அரசின் சொல்லைத்தான் என்றது உச்ச நீதிமன்றம். மே 19-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. ஆகஸ்டில் அது சட்டமே ஆனது. நடுவே கிடைத்த எட்டு நாளில் மனுக் கொடுத்தவர்கள் புண்ணியவான்கள்.

5. மேயரைப் பார்க்கலாம், அவர் இருந்தால். 250 வார்டுகளுக்கும் 2022 டிசம்பரில் தேர்தல் முடிந்தது. மன்றத்தில் அமளி, ஒத்திவைப்பு எல்லாம் கடந்து 2023 பிப்ரவரி 22-இல்தான் மேயர் வந்தார். பதவிக்காலம் ஒரு வருஷம். கமிஷனரை நியமிப்பதோ மத்திய அரசு.

6. வெறுத்துப்போய் நெதர்லாந்துக்கு விசா எடுக்கிறவர்கள் கவனிக்க. அங்கே மேயருக்கு ஓட்டுக் கிடையாது, அரச ஆணையில் நியமனம். ஆனால் வெள்ளத்தடுப்பையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் பார்க்கும் நீர் வாரியங்களுக்குத் தனித் தேர்தல் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய ஏற்பாடு. தண்ணீர் தேங்கினால் யாரைத் திட்டுவது என்று அங்கே குழப்பம் குறைவு.

7. உங்களுக்கு மூன்று ஓட்டு: கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்கள் 2022, 2025, 2024 என்று தனித்தனி வருஷத்தில் வந்ததால், வாசலுக்கு வருகிறவர் அப்போது வராத இருவரையும் கைகாட்ட வசதி. ஆகவே, குழியை எப்போது மூடுவீர்கள் என்று அவரைக் கேட்காதீர்கள். எந்தக் குழி உங்களுடையது என்று கேட்டு, எழுதி, கையெழுத்தும் வாங்குங்கள்.