ப்ளீஸ், கொஞ்சம் ஓடேன்!

1972இல் பிரின்ஸ்டன் மாணவர்கள் டான் வுட்ஸும் ஜேம்ஸ் லயனும் ‘இன்டர்கால்’ என்ற கணினி மொழியைப் படைத்தார்கள். வேறெந்த மொழியின் சாயலும் இருக்கக் கூடாது என்பதே கொள்கை. கட்டளைகளுக்கு நடுவே அங்கங்கே ‘ப்ளீஸ்’ போட வேண்டும். குறைந்தால், மரியாதை போதாது என்று கம்பைலர் நிரலைத் தள்ளிவிடும். கூடினால், ரொம்பக் குழைகிறாய் என்று மறுபடியும் தள்ளிவிடும். மூலக் கையேட்டில் இந்த விதியைப் பற்றி மூச்சே கிடையாது.

1998இல் பென் ஓல்ம்ஸ்டெட் செய்த ‘மால்போல்ஜ்’ இதற்கும் அண்ணன். ஒவ்வொரு கட்டளையும் நிறைவேறிய கையோடு வேறொன்றாக மாறிவிடும். அதில் ஓடிய முதல் நிரலைக் கண்டுபிடித்தது மனித மூளை அல்ல. தேடித் துழாவிய இன்னொரு நிரல். கவிஞர் தாந்தேயின் காவிய நரகத்தில் எட்டாம் வட்டத்தின் பெயரையே மொழிக்குச் சூட்டியவர் நேர்மையாளர். மற்ற மொழிக்காரர்கள் ‘பத்தே நாளில் கற்கலாம்’ என்றல்லவா கூப்பிடுகிறார்கள்!