கொதித்தாலும் நீ நல்லவன்தான்

என்ஜினே, இந்த மலைநாட்டில் எல்லோரும் உன்னைத் திட்டத்தான் கேட்டிருக்கிறேன். கராஜில் பாஸ் திட்டுகிறார். கொட்டகலையில் ஓட்டோ ஓடுகிற தம்பிமார் திட்டுகிறார்கள். மேட்டில் நின்றுபோன வேனிலிருந்து இறங்கி, டயருக்கு அண்டை கொடுக்கக் கல் தேடும் பெரியம்மாவும் திட்டுகிறார். பதினெட்டு வருடமாக உன்னை நம்பி ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஹயர் ஓடிப் பிழைக்கிறவன் நான். திட்ட எனக்கும் உரிமை உண்டு. ஆனாலும் இன்றைக்கு உன்னைப் புகழத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ செய்ததை உள்ளபடி சொன்னாலே போதும், கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

இந்த மலையை எனக்குக் காட்டியவன் நீ. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக மேலே ஏறும்போது நீ கொதிக்காமல் போயிருந்தால், இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் கண்ணாடி வழியாக ஒரு நொடி பார்த்துவிட்டுக் கடந்திருப்பேன். உன் தயவால் அதன் எதிரில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். எந்த முடக்கில் பீலி இருக்கிறது, எந்தப் பீலியில் வெயில் காலத்திலும் தண்ணீர் வரும், எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கானை நிரப்பித் தருவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த வீதியின் பீலிகளை என்னைவிட நன்றாக அறிந்தவர் வீதி அபிவிருத்தி அதிகார சபையிலும் இருக்க மாட்டார்.

பாஸ் ஒருநாள் எனக்கு விளக்கினார். கடலோரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே போகப் போக, ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்து உள்ளே அழுத்தம் நிற்காமல் போனால், உன் வயிற்றுத் தண்ணீரும் அப்படித்தான். அதோடு மேட்டில் இரண்டாம் கியரில் ஊரும்போது நீ வேகமாகச் சுற்றுகிறாய், வண்டியோ மெல்ல நகர்கிறது, எதிர்காற்று போதுவதில்லை. பிறந்த ஊரில் சமதரையில் ஓட வேண்டியவனை 1868 மீற்றருக்கு இழுத்துவந்து, எட்டுப் பேரையும் அவர்களின் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றியவர்கள் நாங்கள். கொதித்தாலும் நீ நல்லவன்தான்.

உன் மூச்சும் எங்கள் மூச்சுமாதிரி. நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசலோ அதே அளவு உள்ளே போகிறது. காற்றுப் போதாமல் எரிந்தும் எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறுகிறது. நானுஓயாவுக்குக் கீழே வீதியோர மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நாங்கள் கடக்கும்போது சேலைத் தலைப்பால் மூக்கை மூடுவார்கள். உலகத்துக்கே மணக்க மணக்கத் தேயிலை அனுப்பும் கைகளுக்கு, உன் புகையை நாள்தோறும் நேரே கொண்டுபோய்க் கொடுக்கிற பெருமை உனக்குத்தான்.

நீ பாகுபாடு பார்த்ததில்லை. துரையின் ஜீப்பிலும் கொழுந்து லொறியிலும் என் வேனிலும் உன் குணம் ஒன்றுதான். ஹெட் காஸ்கட் போன அன்று டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். எண்ணெயில் தண்ணீர் கலந்து, பால்தேத்தண்ணி நிறத்தில் நுரைத்திருந்தது. தேயிலை நாட்டில் வேறென்ன நிறத்தில் இருக்கும்? ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, மட்டம் பார்த்து, திரும்பப் பூட்டி வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தேன். அந்த மாத லீசிங் தவணையைக் கட்ட வீட்டுக்காரியின் காப்பு அடகுக்குப் போனது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் உனக்கு ஏறிய மதிப்பைச் சொல்லி முடியாது. நீ கிழவனாகக் கிழவனாக உன் விலை கூடியது. நான் வாங்கிய விலையைப்போல் பல மடங்கு தருவதாக ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். ஊரில் வயது ஏற ஏற மதிக்கப்பட்டவன் நீ ஒருவன்தான். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த என் அம்மாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

பிறகு 2022இன் எண்ணெய்த் தட்டுப்பாடு. ஷெட் வாசலில் உன்னைத் தள்ளிக்கொண்டுபோய் வரிசையில் விட்டு, உனக்குள்ளேயே படுத்துக்கொண்ட இரவுகள். ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா, 92 ஒக்டேன் பெற்றோல் 470. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா. பனியில் அட்டை கடியோடு எட்டு மணி நேரம் மலையில் நின்றால் உனக்கு இரண்டு லீற்றரும் இன்னும் கொஞ்சமும் ஊட்டலாம். ஜூலையில் எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு ஓட்டோவுக்கு 5 லீற்றர், வேனுக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றர் எனக்கு இரண்டு நாள் ஹயருக்குப் போதும். மிச்ச ஐந்து நாளும் உன்னைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தேன். மண்ணெண்ணெய் கலந்த டீசலைக் கொடுத்தவர்களையும் நீ கைவிடவில்லை. பம்பும் இன்ஜெக்டரும் தேயும்வரை உழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாய்.

அந்த 460 ரூபாவில் உன் வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்கும் இல்லை. மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போகிறது. மலைக்காற்றுக்குக் குளிர்காய, டொலர் கொடுத்து வாங்கிய எண்ணெயில் 300 ரூபாவுக்கு மேல் நீ ஈந்தாய். கடையெழு வள்ளல்களில் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளியில் படித்தோம். நீ மூடுபனிக்கே போர்வை கொடுத்தவன்.

ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியப்பா மகள், எனக்கு அக்கா, நிறைமாதம். தோட்டத்து டிஸ்பென்சரியில் முடியாது என்றதும் கொழுந்து லொறியில் சாக்கு விரித்து ஏற்றினார்கள். அம்புலன்ஸ் என்ற பேச்சே அந்தக் காலத்தில் இல்லை. பாதி வழியில், மழையில், நீ நின்றுவிட்டாய். டிரைவர் அண்ணன் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். கடைசியில் ஆம்பிளைகள் கம்பளியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். நான் டோர்ச் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இதை உன் உபகாரங்களோடு சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. கணக்கில் எழுதாமல் விடவும் முடியவில்லை.

ஏற்றத்தில் இவ்வளவு கொடுப்பவன் இறக்கத்தில் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டாய். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு 1300 மீற்றருக்கு மேல் இறக்கம். ஆட்களோடு இரண்டு தொன் எடையுள்ள வேன் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஏழு அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளிவருகிறது. மின்மோட்டார் பூட்டிய வண்டியில் அதே மோட்டார் இறக்கத்தில் ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைப் பெட்டரிக்குத் திருப்பிவிடும். வண்டியையும் அதுவே இழுத்துப் பிடிக்கும். அந்தப் பகுதி, ஒரு லயத்துக் காம்பராவில் விளக்கெரிய, டீவி பார்க்கக் காணும். உனக்கு அந்த ஆசை கிடையாது. கீழ்க் கியரில் முடிந்தவரை இழுத்துப் பிடித்துவிட்டு, மிச்சத்தைப் பிரேக்கிடம் விடுகிறாய். பிரேக் அதைச் சூடாக்கி, லைனரைக் கருக்கி, மணமாக எங்களுக்குத் தருகிறது. ரதெல்லைக் குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் இறங்குகிற எவரும் இன்றைக்கும் அந்த மணம் வருகிறதா என்று மூக்கைத் தீட்டிக்கொண்டுதான் இறங்குகிறோம்.

நீ எங்களிடம் காட்டிய மிகப் பெரிய கருணை வேறொன்று. இந்த மலையில் வேறு சக்தியே இல்லை என்று எங்களை நம்பவைத்தாயே, அது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே, இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து நாட்டை நடத்தலாம் என்று கட்டுரை எழுதிப் படித்தார். லக்சபான முதல் நிலையம் திறக்க 1950 ஆயிற்று. பிறகு நோர்ட்டன் பிரிட்ஜில் அவர் பெயரிலேயே 50 மெகாவாட், கென்யனில் 60, நியூ லக்சபான, பொல்பிட்டிய. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை, 150 மெகாவாட். அதற்காக சென்கிளயர் அருவியின் தண்ணீரை விட்டுக்கொடுத்தோம். மவுசாக்கலை அணைக்குப் பழைய மஸ்கெலியா நகரத்தையே விட்டுக்கொடுத்தோம். கடும் வெயிலில் நீர் வற்றினால், மூழ்கிப்போன அந்த நகரத்தின் கோவிலும் விகாரையும் இன்றும் தலைகாட்டும். ஜனங்கள் போய்க் கும்பிட்டு வருவார்கள். அந்த மின்சாரம் கம்பியேறிக் கொழும்புக்கு இறங்கிப்போனது. அணைக்குப் பக்கத்து லயங்களில் அதற்குப் பிறகும் பல வருடம் குப்பி விளக்குதான். இப்போது விளக்கு வந்துவிட்டது. வீதியில் மட்டும் நீ இருக்கிறாய், கடல் கடந்து கப்பலில் வரும் எண்ணெயைக் குடித்தபடி, நீர் மின்நிலையத்துக்குப் போகும் வீதியிலேயே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு.

உனக்கு மாற்றாக வந்ததை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து பழைய மின்சாரக் கார்கள் வந்தன. பெட்டரி ஏற்கெனவே தேய்ந்தவற்றை வாங்கியவர்கள் பட்ட பாட்டை அறிவேன். சமதரையில் காட்டிய தூரம் மேட்டில் பாதியாகும். தண்ணீர் வற்றும் மாதங்களில் மின்சாரத்தில் பெரிய பங்கு நுரைச்சோலை நிலக்கரியிலிருந்து வருகிறது. லயத்தில் ஓட்டோ நிறுத்தவே முற்றம் இல்லாதவன் பெட்டரியை எங்கே சார்ஜ் பண்ணுவான்? இவ்வளவும் உண்மை. ஆனால் மின்மோட்டாருக்கு மலைக்காற்று மெலிந்தது தெரியாது. அது காற்றை எரிப்பதில்லை. ஹெட் காஸ்கட் இல்லை, இன்ஜெக்டர் இல்லை, கொழுந்து எடுப்பவள் மூக்கை மூட வேண்டிய புகை இல்லை. உன் ஓட்டோத் தம்பியின் என்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் பூட்டும் வேலையும் நாட்டில் தொடங்கிவிட்டது.

தோட்டங்களில் இந்த மாற்றத்தை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், கொழுந்து லொறியைத்தான் காட்டுவேன். அது நெடுந்தூரம் போவதில்லை. மலைக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் நாளுக்குச் சில நடை. இரவில் நிற்பது தொழிற்சாலை வாசலில். அங்கே உருளை இயந்திரங்களை ஓட்டும் மும்முனை மின்சாரம் இருக்கிறது. சில தோட்டங்களில் சொந்தச் சிறு நீர்மின் நிலையமே இருக்கிறது. மலை மேலேயும் தொழிற்சாலை கீழேயும் உள்ள தோட்டத்தில் லொறி பாரத்தோடு இறங்கும், வெறுமையாக ஏறும். சுவிட்சர்லாந்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மின்சார டம்பர் ஒன்று அப்படித்தான் 65 தொன் பாரத்தோடு இறங்கி, மேலே ஏறத் தேவையான மின்சாரத்தை இறக்கத்திலேயே சேர்த்துக்கொள்கிறது. நமக்கு இது புதிதும் இல்லை. நம் பாட்டன்மார் கொழுந்து மூட்டையைக் கம்பியில் தொங்கவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மலையிலிருந்து தொழிற்சாலைக்கு அனுப்பியவர்கள்.

ஆகவே என்ஜினே, உனக்கு ஓய்வு கேட்டுத்தான் இவ்வளவும் எழுதினேன். பெருந்தோட்டக் கம்பனிகளே, அடுத்த கொழுந்து லொறி வாங்கும்போது மின்சார லொறியாக வாங்குங்கள். அதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றும் வண்டியை மாற்றுங்கள். அரசாங்கமே, தலவாக்கலையிலும் ஹட்டனிலும் ஓட்டோ நிறுத்துமிடத்தில் சார்ஜ் பண்ண நாலு இணைப்புக் கொடுங்கள். தண்ணீர் எங்களுடையது.

நாளை விடியற்காலை ஐந்தரைக்கு எனக்கு நுவரெலியா ஹயர் ஒன்று இருக்கிறது. கான் இரண்டிலும் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்.