பேருந்துப் பிள்ளைத்தமிழ்: பருவங்களும் பாதிப்புகளும்

பிறர் பெற்ற பிள்ளை பொது இடத்தில் செய்யும் சேட்டையைச் சமாளிக்கும் முறைகள் மூன்று. முதலிரண்டும் பயன்படாதவை என்பது ஊரறிந்ததாதலின், மூன்றாவதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முன் சேட்டையின் வகைகளை வரையறுத்துக்கொள்வது ஆய்வு நெறிக்கு உகந்தது. கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில், திருச்சேறை வழியாகக் குடவாசல் செல்லும் பேருந்து இதற்கேற்ற களமாகும். எல்லா வகைகளும் அதில் ஒரே பயணத்தில் காணக்கிடைக்கின்றன, எழுந்து போய்விடவும் வழியில்லை. அண்மையில், துல்லியமாகச் சொன்னால் கடந்த செவ்வாய்க்கிழமை மாலையில், இவ்வழித்தடத்தில் சென்ற முதியவர் ஒருவர் தொகுத்த தரவுகளே இங்குப் பயன்படுத்தப்படுகின்றன. அவர் யார் என்பது ஆய்வுக்குத் தேவையற்றது. அவருடைய வேட்டியில் பட்ட மாம்பழச் சாற்றின் கறை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை என்பது மட்டும் தேவையானது.

தமிழ் மரபு குழந்தையின் பக்கம் சாய்ந்தது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். புறநானூற்றின் 188-ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொண்டு தத்தித் திரியும் பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாளால் பயனில்லை என்கிறான். ஆனால் அவன் பேசுவது அரண்மனைத் தரையைப் பற்றி. அதைத் துடைக்க ஆள் இருந்தது. வள்ளுவர் இன்னும் கவனமானவர். சின்னஞ்சிறு கை துழாவிய கூழை அமிழ்தத்துக்கு மேலாகவும், மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாகவும் வைத்த அவர், அவ்விரு குறள்களிலும் 'தம்மக்கள்' என்றே எழுதினார். பிள்ளைகளுக்குக் குறள் ஒப்பிக்கக் கற்றுத்தரும் பெற்றோர் அந்தத் 'தம்' என்னும் ஒற்றை அசையை எங்கோ தவறவிட்டுவிட்டனர். அடுத்த மேசைக்காரரின் சாம்பார்க் கிண்ணத்தில் நுழையும் கையைப் பற்றி வள்ளுவர் பேசவில்லை. பேசியிருந்தால் அது மக்கட்பேறு அதிகாரத்தில் இடம்பெற்றிருக்காது, இடுக்கண் அழியாமையில் இடம்பெற்றிருக்கும்.

சேட்டையை வகைப்படுத்தப் புதிய கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை, பிள்ளைத்தமிழ் இலக்கணமே போதும். கடவுளையோ அரசனையோ சான்றோரையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களில் பாடும் சிற்றிலக்கிய வகையே பிள்ளைத்தமிழ். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசாமி மீது பாடினார். எனவே காவிரிக் கரைக்கு அது நன்கு பழகிய வகை. பாட்டியல் நூல்கள், அதாவது இத்தகைய சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் கூறும் நூல்கள், மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம்வரை ஒற்றைப்படை மாதங்களில் இப்பருவங்களை அடுக்குவதுண்டு. பேருந்துக் குழந்தைக்கு இவ்வெல்லை பொருந்தாது. அரசுப் பேருந்துகளில் மூன்று வயதுவரை இருந்த கட்டணமில்லாப் பயணம் 2022-இல் ஐந்து வயதுவரை நீட்டிக்கப்பட்டபோது சிறுதேர்ப் பருவமும் உடன் நீண்டது. ஐந்து முடிந்த பின்னரும் நடத்துநர் கேட்கும் வேளையில் மட்டும் பிள்ளை நான்கிலேயே நின்றுவிடுவதால், அது மேலும் நீள்கிறது.

முதலாவது காப்பு. திருமால் முதலான தெய்வங்கள் குழந்தையைக் காக்குமாறு வேண்டுவது நூல்மரபு; பேருந்திலோ, நான்கு பைகளும் ஒரு பலூனுமாகக் குடும்பம் படியேறுவதைக் கண்ட பக்கத்து இருக்கைக்காரர் தமக்காகத் தாமே மனத்துக்குள் பாடிக்கொள்வது. இரண்டாவது செங்கீரை. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் இப்பருவத்தில், நீட்டிய கால் எங்கே போகும் என்பதைப் புலவர்கள் சொல்லவில்லை. அது அடுத்தவர் மடிக்குப் போகும். மூன்றாவதான தால் என்பது நாக்கு. நாவசைத்துப் பாடும் தாலாட்டுக்கும் அதுவே பெயர். செவ்வாய்க்கிழமைத் தரவின்படி, தாலாட்டு முழு வெற்றி பெற்றது, ஆனால் உறங்கியவர் தகப்பனார். சப்பாணி என்பது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல். இதற்குக் கை இரண்டு தேவை என்பது பழைய கொள்கை, ஒரு கையும் முன்னிருக்கைக்காரரின் வழுக்கையும் போதும் என்பது இன்றைய வழக்கு. முத்தப் பருவத்தில் முத்தம் தரும்படி குழந்தையை வேண்டுவார்கள். மாம்பழச் சாறு வழியும் வாய் வேட்டிக்குத் தந்த முத்தத்தை எவரும் வேண்டவில்லை.

வாரானை என்பது குழந்தையைத் தம்மிடம் வருமாறு அழைத்தல். இங்கே அழைப்பு இல்லாமலே வருகை உண்டு. அதுவும் அடிக்கு அடி கீச்சிடும் செருப்போடு, முன்படியிலிருந்து பின்படிவரை, மீண்டும் முன்படிவரை. இச்செருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் அவர் மீது ஒரு பிள்ளைத்தமிழ் பாடலாம். காப்புப் பருவத்தை மட்டும் விட்டுவிடலாம்.

சிற்றிற் பருவம் தனிக் கவனத்துக்குரியது. சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீடுகளைச் சிதைக்க வேண்டாமென்று அவர்களே பாட்டுடைத் தலைவனிடம் மன்றாடுவது இதன் பொருள். பத்துப் பருவங்களில் பாதிக்கப்பட்டோர் வாய்திறந்து முறையிடும் பருவம் இது ஒன்றே. அந்த முறையீட்டையும் புலவர்கள் தலைவனின் பெருமையாகவே ஆக்கிவிட்டனர். இன்றும் நிலைமை அதுவே. மூத்த பயணி, "ஏம்மா, புள்ளைய கொஞ்சம் புடிச்சுக்கக் கூடாதா?" என்று முறையிட்டபோது, தாயார் முகத்தில் மலர்ந்தது வருத்தமன்று, பெருமிதம். "ஒரு எடத்துல இருக்க மாட்டாங்க, வீட்டுலயும் இப்படித்தான்" என்று அவர் சொன்ன தொனி, நூலைப் புகழ்ந்து சாற்றுகவி பாடுவோருக்குரியது. வீட்டிலும் அப்படித்தான் என்பது எந்த வகையில் ஆறுதல் என்பது இதுவரை விளங்கவில்லை.

சிறுபறை என்பது சிறு முரசை முழக்குதல். முரசு கிடைக்காதபோது எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும் இருக்கையின் பின்தகடும் உதவும். ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்ச அளவு என்கின்றன. பேருந்து குடியிருப்பு ஆகாது என்று சட்டம் வல்லார் கூறக்கூடும். நாச்சியார்கோயிலில் அது நின்ற நேரத்தைக் கணக்கிட்டால் குடியிருப்பு என்று கொள்வதில் தவறில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்கள் மாறி, ஊசல் முதலியன வரும். ஊசலுக்குக் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. எஞ்சியவை இரண்டு: அம்புலி, சிறுதேர்.

அம்புலி என்பது குழந்தையோடு விளையாட நிலவை அழைப்பது. புலவர்கள் இதில் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும், அதாவது அரசர் பகைவரை வழிக்குக் கொண்டுவரும் இன்சொல், கொடை, பிரித்தல், ஒறுத்தல் ஆகியவற்றையும் நிலவின் மீது கையாள்வார்கள். இக்காலப் பெற்றோர் அவற்றைக் குழந்தையின் மீதே கையாள்கின்றனர். "எஞ் செல்லம்ல" என்பது சாமம். கைப்பேசியைக் கொடுப்பது தானம். அதில் ஓடும் பாட்டைப் பேருந்து முழுவதற்கும் கேட்பிப்பது அன்னதானத்துக்கு நிகரான பொதுத் தானம், இயர்போன் என்பது கருமித்தனம். "அந்தப் பாப்பா எவ்ளோ சமத்தா இருக்கு பாரு" என்பது பேதம். அந்தப் பாப்பாவும் உடனே அழத் தொடங்கும். நான்காவதான தண்டத்தைத்தான் பெற்றோர் தம் கையில் வைத்துக்கொள்வதில்லை. "சேட்டை பண்ணாத, அந்தத் தாத்தா அடிச்சிருவாங்க" என்று அது பக்கத்து இருக்கைக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது.

பூச்சாண்டி என்னும் சொல்லுக்குத் திருநீறு பூசிய ஆண்டி என்று பொருள் கூறுவோர் உண்டு. திருநீறு பூசியவரும், ஆண்டி அல்லாதவரும், முப்பத்து நான்கு ஆண்டு அரசுப் பணி செய்து ஓய்வூதியம் பெறுபவருமான ஒருவரை முன்பின் கேட்காமல் அப்பதவியில் அமர்த்துவதற்கு எந்த நூலில் விதி உள்ளது? அமர்த்தினால் அதிகாரமும் தர வேண்டும். அதுவும் இல்லை. பூச்சாண்டி மெய்யாகவே ஒரு சொல் அதட்டிவிட்டால், உறங்கிய தகப்பனார் அந்தக் கணத்தில் விழித்து, "சின்னப் புள்ளைதானேங்க, நீங்கல்லாம் புள்ள பெத்து வளத்ததே இல்லையா?" என்று கேட்பார். வளர்த்ததுண்டு. இரண்டு. அவை பேருந்தில் வாய் திறந்ததில்லை என்பது வளர்த்தவரின் நினைவு. அது பற்றி அவருடைய மனைவியின் நினைவு வேறாக இருப்பதை நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இண்டிகோ விமான நிறுவனம் 2016-இல் சில வரிசைகளைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அமரக்கூடாத அமைதிப் பகுதியாக அறிவித்தது. குடவாசல் பேருந்தில் இது இயலாது. முன்வரிசைகள் மகளிருக்கு உரியவை, பின்வரிசைகள் இடுப்பெலும்பு உள்ளவர்க்கு உரியவையல்ல. ஆகவே மூன்றாவது முறையே எஞ்சுகிறது. அதைச் சொல்லுமுன் இவ்வூரின் வரலாறு சிறிது தேவைப்படுகிறது.

குடவாசல் கோணேசுவரர் கோயில், யானை ஏற முடியாதபடி படிகள் வைத்து உயர்த்திக் கட்டப்பட்ட மாடக்கோயில். இத்தகைய கோயில்களைக் கட்டியவன் கோச்செங்கட்சோழன் என்பது மரபு. முற்பிறவியில் அவன் திருவானைக்காவில் சிலந்தியாய் இருந்து பின்னிய வலையை யானை ஒன்று திரும்பத் திரும்பச் சிதைத்ததாம். சிற்றில் சிதைக்கப்பட்ட ஆத்திரத்தைப் பிறவி கடந்தும் மறவாமல் கட்டடமாகவே கட்டிக் காட்டிய ஒரே மனிதன் அவன். குறைசொல்லிகளுக்கெல்லாம் அவனே குலதெய்வம். யானையைத் தடுத்த அப்படிகளில் இன்று பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள் என்பது வேறு. அவனிடம் போரில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்தில் அடைபட்டான். தண்ணீர் கேட்டும் காவலர் உடனே தராமல் காலந்தாழ்த்தியதால், பின்னர் வந்த நீரைக் கையில் வாங்கியும் குடிக்காமல் உயிர்விட்டான் என்று புறநானூறு 74-இன் குறிப்பு கூறுகிறது. கேட்டுப் பெற்ற நீரைக் குடிப்பதே இழுக்கு என்று ஒருவன் இறந்த ஊருக்குச் செல்லும் பேருந்தில், "தம்பி, கால எடுக்கச் சொல்லுங்க" என்று மூத்த பயணி ஏழு முறை கேட்டிருக்கிறார்.

சிறுதேர் மட்டும் மீதமிருக்கிறது. அது சிவப்பு நிறப் பிளாஸ்டிக் கார். முன்னிருக்கையின் மேல்விளிம்பில் தொடங்கி, முதியவரின் தோளில் ஏறி, காதைச் சுற்றி, முழங்கையில் இறங்கும் பாதையில் அது பதினொரு முறை உலா வந்தது. பன்னிரண்டாம் உலாவில் நிலைகுலைந்து, அவர் காலடியிலிருந்த மஞ்சள் பைக்குள், கொத்தவரங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே விழுந்தது. திருச்சேறையில் இறங்க வேண்டிய குடும்பம் இருக்கைகளின் அடியிலெல்லாம் தேடியது. "ஐயா, ஒரு கார் பாத்தீங்களா?" என்று தாயார் கேட்டபோது மூத்த பயணி உறங்கிக்கொண்டிருந்தார், குறைந்தபட்சம் அவருடைய கண்கள் மூடியிருந்தன. எஞ்சிய வழியில் பேருந்து மிக அமைதியாக இருந்தது.

கார் இப்போது குடவாசலில், ஒரு வீட்டு இரும்பு அலமாரியில், ஓய்வூதியப் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கிறது. இடது பின்சக்கரம் முன்பே இல்லை.