அவள் கிளட்ச், நான் கியர்

பீரோவின் அடித்தட்டில், பழைய பாஸ்போர்ட்டுகளுக்குக் கீழே, சாம்பல் நிற அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம் இன்னும் இருக்கிறது. 1997-ல் சுவிட்சர்லாந்துக்கு விடுமுறை போவதற்காக வாங்கிய இன்டர்நேஷனல் லைசென்ஸ் அது. ஒரே வருஷத்தில் காலாவதியாகிவிட்டது என்றாலும் தூக்கிப்போட மனசு வரவில்லை. சென்னையில் வாகனச் சங்க அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் என் புகைப்படத்துக்குப் பின்னால் கோந்து தடவி ஒட்டி, பாதி படத்திலும் பாதி தாளிலும் விழும்படி முத்திரை குத்தி, மின்விசிறிக்கு அடியில் காய வைத்துவிட்டு, "எந்த ஊருக்குப் போறீங்க தம்பி?" என்று கேட்டாரே, அந்தக் குரலும் அந்தப் புத்தகத்தோடு சேர்ந்து பீரோவில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

போன வருஷம் மறுபடியும் அதே நாட்டுக்குக் கிளம்பினோம். இப்போது விண்ணப்பம் இணையத்தில் போகிறது, அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது. 2022 ஆகஸ்டில் வந்த விதிப்படி நாடு முழுக்க ஒரே வடிவம், அதில் ஒரு க்யூஆர் கட்டம். முன்பு மாநிலத்துக்கு மாநிலம் அளவும் நிறமும் மாறியதால் வெளிநாட்டில் போய்த் திண்டாடியவர்கள் உண்டு, ஆகவே இது நல்ல காரியம்தான். ஆனால் எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேட்க ஆள் இல்லை.

உங்களுக்கும் நினைவிருக்கும், அந்த நாளில் பயணம் என்பது கிளம்புகிற தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், மொட்டை மாடியில் என் மனைவி கோலப்பொடியால் ஒரு நாற்சந்தியும் ஒரு ரவுண்டானாவும் வரைந்தாள். தீப்பெட்டிகள்தான் கார்கள். எட்டு வயது மகள் ஒரு தீப்பெட்டியை நகர்த்த, நான் இன்னொன்றை நகர்த்துவேன். நம் ஊரில் ரவுண்டானாவைப் பிரதட்சிணமாகச் சுற்றுகிறோம், அங்கே அப்பிரதட்சிணம். "அம்மனை இடப்பக்கமா சுத்துற மாதிரி இருக்கே" என்று அவள் தயங்கினாள். பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்புறமிருந்து வருபவனுக்கு வழிவிட வேண்டும், மஞ்சள் வைரப் பலகை நின்றால் அந்தச் சாலையில் போகிறவனுக்கு முன்னுரிமை, நெடுஞ்சாலைப் பலகை பச்சை, மற்ற பெரிய சாலைகளுக்கு நீலம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி எழுதிப் பாடம் பண்ணினோம். இருட்டின பிறகு நட்சத்திரங்களுக்குக் கீழே கோலப்பொடிச் சாலைகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

இன்னொரு ஒத்திகைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிரியம். எங்கள் மாருதி 800-ல் நான் பக்கத்துச் சீட்டில், அதாவது இடப்பக்கம், உட்கார்ந்துகொள்வேன். அப்போது கியர் என் வலது கைக்கு வரும், அங்கே ஓட்டப்போவதும் அப்படித்தான். ஆனால் கிளட்ச் டிரைவர் காலடியில் அல்லவா இருக்கிறது? ஆகவே வண்டி ஓட்டத் தெரியாத என் மனைவி டிரைவர் சீட்டில் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார, நான் "கிளட்ச்" என்பேன், அவள் அமுக்குவாள், நான் கியரை மாற்றுவேன். நின்ற வண்டியிலேயே, இஞ்சினைக்கூடக் கிளப்பாமல், வரைபடத்தை ஸ்டீயரிங் மேல் விரித்துக்கொண்டு லூசெர்னிலிருந்து ஆண்டர்மாட், அங்கிருந்து 2,429 மீட்டர் உயரத்து ஃபுர்கா கணவாய், அதை இறங்கி கிரிம்சல் என்று தினமும் ஒரு மணி நேரம் போவோம். அந்தப் பெயர்களை அவள் எழுத்துக்கூட்டிச் சொல்லுவாள், ஒவ்வொன்றும் சொந்தக்காரர் ஊர் மாதிரி பழகிப்போயிற்று. போய்ச் சேர்ந்தபோது, ஃபுர்கா ஏற்றத்தில் ஒரு வளைவுக்கு அப்பாலிருந்து மூன்று சுரமாக ஒரு ஹாரன் கேட்டது. "மஞ்சள் பஸ், ஒதுங்குங்க" என்று அவள் அந்தக் கணமே சொன்னாள். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது தபால் பஸ் போகும் மலைச்சாலை, பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும், அதன் டிரைவர் சொல்கிறபடி நடக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தது. அந்த ஹாரனின் சுரங்கள் ரொசினியின் 'வில்லியம் டெல்' இசைநாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்தவை என்பதும் எழுதியிருந்தது. படித்ததெல்லாம் எதிரே வந்து நின்றபோது எங்களுக்குக் கிடைத்த சந்தோஷம், எந்தச் சிகரத்தைப் பார்த்ததிலும் குறைந்ததில்லை.

இப்போது வழியைப் போன் சொல்கிறது. வளைவு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது, தவறினால் கோபித்துக்கொள்ளாமல் வேறு வழி காட்டுகிறது. முதுமையில் இது பெரிய துணை, மறுக்க மாட்டேன். நெடுஞ்சாலைக் கட்டணத்துக்காகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருஷ எண் போட்ட ஸ்டிக்கருக்குப் பதில், 2023 ஆகஸ்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மின்னணு ஸ்டிக்கரும் உண்டு. 1995-ல் நாற்பது ஃபிராங்க் ஆன அதன் விலை இன்றும் நாற்பதுதான். அங்கே மாறாமல் நின்ற ஒன்றைப் பார்த்ததில் ஏனோ ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் ஃபுர்கா ஓரத்து ரோன் பனிப்பாறை வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. உருகுவதைத் தாமதப்படுத்த அதன் மேல் வெள்ளைப் போர்வைகளை விரித்துப் பார்த்திருக்கிறார்கள். அன்று நாங்கள் அண்ணாந்து பார்த்த பனி அது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள் அங்கே ஒரு ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டாள். கிளட்சும் கிடையாது, வலது கைக்குப் பழக்கமும் தேவையில்லை. அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் என் மனைவி, "இந்தத் தடவை பிராக்டீஸ் இல்லையா?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் சாவியை எடுத்தேன். கீழே நிற்கும் எங்கள் வண்டி இன்னும் கியர் வண்டிதான். முழங்கால் வலியோடு அவள் மெதுவாக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, மடிப்புகளில் கிழிந்துபோன அந்தப் பழைய வரைபடத்தை விரித்தேன்.

"கிளட்ச்" என்றேன்.

அமுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆண்டர்மாட் தாண்டியாச்சு, செகண்டுக்கு வாங்க. ஏத்தம் வருது."