கழலுவதற்கென்றே ஒரு கட்டு

துபாய்

அன்புள்ள மச்சானுக்கு,

மருமகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டனுப்பிய கேள்வி வந்து சேர்ந்தது. ஒரு ஆள் பனியில் சறுக்கிக்கொண்டு போகிறான், குப்புற விழுகிறான், விழுந்ததும் ரெண்டு காலிலும் இருந்த பலகை கழன்று திசைக்கொன்றாய்க் கிடக்கிறது. காசையும் வாங்கிக்கொண்டு இப்படியா கட்டிவிடுவான், நம்ம பட்டறையில் கொடுத்தால் காலுக்கு ரெண்டு போல்ட் போட்டு ஆயுசுக்கும் கழலாமல் முடுக்கித் தரமாட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, சாப்பிட்டியா" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடுதாசி. வெளியே வெயில் நாற்பத்தைந்தில் நிற்கிற இந்த ஊரில், 2005-இல் திறந்த ஸ்கி துபாய் என்கிற இடத்தில், மாலுக்குள்ளே கூரை போட்டு, மைனஸ் ஒன்று இரண்டில் குளிரவைத்து, 400 மீட்டர் நீளத்துக்குப் பனிச்சரிவு வைத்திருக்கிறார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற ஜாதி. நீச்சல் தெரியாதவன்தான் கரையில் நின்று பாடம் சொல்வான் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கேயே கேட்கிறது. இருந்தாலும் கணக்கு எழுதுகிறவனுக்குப் படிக்க நேரம் நிறைய. பலகையில் பூட்ஸைக் கவ்விக்கொள்கிற அந்தப் பொறிக்குப் பைண்டிங் என்று பெயர். அது கழன்றது பழுது இல்லை மச்சான். சமயத்தில் கழலுவதற்குத்தான் அதற்குக் காசே.

நீங்கள் சொன்ன போல்ட் யோசனையை வெள்ளைக்காரன் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னாலேயே செய்து பார்த்துவிட்டான். ஆதியில் தோல்வாரும் முறுக்கிய மரக்கொடியும்தான். 1860-களில் நார்வேயின் டெலிமார்க் பக்கத்து சோண்ட்ரே நூர்ஹெய்ம் குதிகாலைச் சுற்றியும் கொடி கட்டினார். பலகை காலோடு திரும்பியது. 1930 வாக்கில் கீடோ ரூஜ் என்ற சுவிஸ்காரர், இசைப்பெட்டி செய்கிற குடும்பத்துப் பிள்ளை, குதிகாலைச் சுற்றி இரும்புக் கேபிளும் ஸ்பிரிங்கும் போட்டு, முன்னால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் கால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்படி ஒன்று செய்தார். அதற்குப் பெயர் காந்தஹார். ஆல்ப்ஸ் மலைச் சாமானுக்கு ஆப்கானிஸ்தான் பெயர் எப்படி வந்தது என்றால், காந்தஹார் சண்டையில் பேர் வாங்கிய ராபர்ட்ஸ் பிரபு 1911-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு பனிச்சறுக்குப் பந்தயத்துக்குக் கோப்பை கொடுத்தார். அந்தப் பெயர் கிளப்புக்குப் போய், பிறகு பைண்டிங்குக்கும் வந்தது. அந்த மனுஷர் பிறந்தது கான்பூரில். 1881-லிருந்து 85 வரை நம்ம மெட்ராஸ் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதி. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், மீமிசல் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களில் இது தெரிந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்கிற கர்வம்தான்.

காந்தஹார் கட்டு நன்றாகப் பிடித்தது. அதுதான் வினை. சறுக்குகிறவர்களே அதற்குக் கரடிப்பொறி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஸ்பானர் நீளமாக இருந்தால் துருப்பிடித்த நட்டும் திரும்பிவிடும் என்று கடைப்பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ரெண்டு மீட்டர் நீளப் பலகை ஒரு ஸ்பானர். அதன் முனை பனியில் குத்திக்கொண்டு திரும்பினால், நட்டு இருக்கிற இடத்தில் இருப்பது மனுஷனுடைய கால் எலும்பு. கட்டு விடாது, பலகை உடையாது, நடுவில் எது பலவீனமோ அது முறுக்கிக்கொண்டு முறியும். யால்மார் ஹ்வாம் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவில் சறுக்குப் பந்தய வீரர். 1937-இல் அவருக்கே கால் உடைந்தது. படுக்கையிலேயே படம் போட்டு, முறுக்கு வந்தால் முன்பிடி விலகிக்கொள்கிற பைண்டிங்கை யோசித்து, 1939-இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு பிரான்சில் ஜான் பேல், ஜெர்மனியில் ஹன்னஸ் மார்க்கர் என்று 1950-களில் வரிசையாக வந்தவர்கள் எல்லோரும் மெனக்கெட்டது கட்டுவதற்கு அல்ல, அவிழ்ப்பதற்கு. பேலுடைய லுக் கம்பெனிதான் பின்னால் இதே வித்தையை சைக்கிள் பெடலில் வைத்தது. 1985-இல் பெர்னார் ஈனோ அதை மிதித்துத்தான் டூர் தெ பிரான்ஸ் ஜெயித்தார்.

உங்கள் பாஷையில் சொன்னால் இது காலுக்கு ஃபியூஸ். காந்தஹார் என்பது ஃபியூஸ் கேரியரில் செம்புக் கம்பியைச் சுற்றுவது. லைட் அணையாது, ஒருநாள் வீடு எரியும். புது பைண்டிங்கில் முன்பிடி பக்கவாட்டிலும் பின்பிடி மேலேயும் விடும். எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்று ஸ்பிரிங்கைத் திருகி வைக்க ஒரு எண் இருக்கிறது. டின் நம்பர் என்கிறார்கள். பால் டின் அல்ல, ஜெர்மன் தர நிர்ணயத்தின் பெயர். இந்த எண்ணை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் மில்லிமீட்டரில், எப்படிச் சறுக்குவீர்கள் என்கிற வகை, இத்தனையையும் ஃபாரத்தில் எழுதினால் அட்டவணையைப் பார்த்து வைப்பார்கள். நம்ம ஆட்களுக்கு இங்கேதான் சிக்கல். ஐம்பது வயதானால் பிடியை ஒரு படி தளர்த்தச் சொல்கிறது அட்டவணை. உங்களுக்கு ரேஷன் கார்டில் 48, ஆதாரில் 51, அக்கா கல்யாண வருடத்தை வைத்துப் போடுகிற கணக்கில் 54. ரேஷன் கார்டை இடது காலுக்கும் ஆதாரை வலது காலுக்கும் கொடுத்தால், விழும்போது ஒரு பலகை கழலும், ஒன்று கழலாது. எடை இன்னொரு தொல்லை: பெருநாளைக்கு முந்தின எடையா, பிந்தின எடையா? சறுக்கும் வகையில் முதலாவது, மெதுவாக ஜாக்கிரதையாகப் போகிறவர். மூன்றாவது, வேகமாகப் பாய்கிறவர். எங்கே, நம்ம ஊர் ஆம்பளை ஒருத்தன் முதலாவதில் டிக் போடட்டும் பார்ப்போம்! தன்னைப் பற்றி உண்மையை எழுதினால்தான் வேலை செய்யும் இயந்திரம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. நல்லவேளை, விசா ஃபாரம் அப்படியில்லை.

சரி, தேவையில்லாதபோது கழன்றுவிட்டால் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாதி வேகத்தில் பலகை போய்விட்டால் அதுவும் மரண அடி. அதற்குப் பயந்துதான் பந்தயக்காரர்கள் எண்ணை 15-க்கும் மேலே ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பம்ப்செட் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்குமே, அதற்கெல்லாமா டிரிப் ஆகிறது? ஒரு நொடி தாங்கி, நீடித்தால்தானே விழுகிறது. நல்ல பைண்டிங்கும் அப்படித்தான்: ஒரு குலுக்கலுக்குப் பூட்ஸ் கொஞ்சம் நகர இடம் கொடுக்கும், குலுக்கல் போனதும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்ளும், எல்லை தாண்டினால் மட்டும் விடும். பழசுக்கும் புதுசுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தத் தாங்கலில்தான். கழன்ற பலகை சரிவில் ஓடி அடுத்தவன் மேல் பாயாதா என்றால், பாய்ந்தது. வார் போட்டுக் காலோடு கட்டினார்கள். அது விழுந்தவனையே சுற்றிச் சுற்றி அடித்தது. 1970-களில்தான் பிரேக் வந்தது: பூட்ஸ் விலகியதும் ரெண்டு கம்பிக்கால் சைக்கிள் ஸ்டாண்ட் மாதிரி கீழே இறங்கிப் பனியைக் குத்திப் பிடிக்கும். வீடியோவில் பலகைகள் பக்கத்திலேயே கிடந்ததே, அந்தப் புண்ணியம் இதற்கு.

புதுசு என்றால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து சுகர்புஷ் மலையில் ஜான்சன், எட்லிங்கர், ஷீலி என்ற மூன்று பேர் 1972-லிருந்து காயங்களைக் கணக்கெடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் முழங்கால் ஜவ்வு கிழிவது கூடியது. பூட்ஸ் தோலிலிருந்து உயரமான பிளாஸ்டிக்குக்கு மாறியதில் கணுக்கால் தப்பியது. பைண்டிங் சரியானதில் கெண்டைக்கால் தப்பியது. அடி மேலே ஏறி முழங்காலில் உட்கார்ந்துவிட்டது, அடைத்த வாய்க்கால் தண்ணீர் மாதிரி. ஆள் பின்பக்கமாகச் சாய்ந்து விழும்போது பலகையின் வால் பனியைக் கவ்விக் காலைத் திருகுகிறது. அந்தத் திருகல் முன்பிடிக்குச் சரியாகத் தெரிவதே இல்லை. பின்னால் ஒரு கால் முளைத்த மாதிரி இருப்பதால் அதற்குப் பேய்க்கால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குதிகாலும் பக்கவாட்டில் விடுகிற மாதிரி சிலர் செய்து விற்கிறார்கள். இன்னும் எல்லோரும் அதற்கு மாறவில்லை. ஆக, இதை வைத்துப் பழசே மேல் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் கெண்டைக்கால் எலும்பைக் கொடுத்து முழங்கால் ஜவ்வை வாங்குகிற பேரம் பழசிலும் கிடையாது. விடாத கட்டு, முழங்காலுக்கு மட்டும் தனியாக விட்டுக்கொடுக்குமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: காலுக்கு நேர் கீழே சுழலுகிற பின்பிடி லுக் கம்பெனியின் பழைய அமைப்பு, அதை இன்னும் பிவட் என்ற பெயரில் செய்கிறார்கள், கெட்டிக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். பழசு என்பதால் கழிக்கவில்லை. விடத் தெரிந்த பழசு என்பதால் வைத்துக்கொண்டார்கள்.

ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் மட்டும் விடுகிற கட்டுக்கு என்ன நம்பர் வைத்திருப்பார்கள் என்று சில ராத்திரி யோசிப்பேன். மீன் குழம்பு வாசனை இல்லாத ஊரில் வேறென்ன யோசிப்பது. எனக்கும் ஐம்பது நெருங்குகிறது, பாஸ்போர்ட் கணக்கில்.

போல்ட் யோசனையை விட்டுவிடுங்கள். அக்கா இன்னொன்று சொன்னாள்: ஊருக்கெல்லாம் மோட்டார் சுற்றிக் கொடுக்கிறவர் வீட்டு மெயினில், அடிக்கடி போகிறது என்று ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை நாலு இழை சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறாராம். அறந்தாங்கி போகிறபோது ஒரு எம்.சி.பி. வாங்கி மாட்டுங்கள். பணம் இந்த மாதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். மாட்டியதும் மருமகனை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் நம்பமாட்டேன்.

அம்மாவுக்கு சலாம் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்