பாண்டிக்கு வாக்கப்பட்ட பேராண்டி

இன்னாடா பேராண்டி, சனிக்கிழமை பாண்டிக்குப் போன ஆளு திங்கக்கிழமை வேலைக்குப் போக மாட்டேன்னு அடம் புடிக்கிறியாமே? உங்க அம்மா மூக்கைச் சிந்திக்கினு கெடக்குறா. அந்த ஊரு மேல காதல் வந்துடுச்சாம், கடலோரமா ஒரு வீடு பாத்துக்கினு அங்கயே இருந்துடப் போறியாம். நல்லது. ஊரு மேல வர்ற காதலுக்கு சீர்செனத்தி வேணாம், ஜாதகம் வேணாம், செலவு கம்மி. ஆனாலும் திண்ணையில ஒரு கெழவன் உக்காந்திருக்கையில நாலு வார்த்தை விசாரிக்காம விடலாமா?

மொதல்ல, எதைப் பாத்து மயங்கினே சொல்லு. மஞ்சச் சுவரு. அதுல தொங்குற காகிதப்பூ. நீலப் பலகையில எழுதின தெருப் பேரு. செவப்புத் தொப்பி வச்ச போலீசு. அப்புறம் இருநூறு ரூபா காப்பி. நம்மூரு மாரியாத்தா கோயில் சுவத்துக்கும் மஞ்சதான் அடிச்சிருக்கோம், ஒரு நாளாவது அதுல சாஞ்சு நின்னு படம் புடிச்சிருப்பியா? டீக்கடையில பத்து ரூபா கேட்டா கணக்குல எழுதிக்கோன்னு சொல்ற ஆளாச்சே நீ!

எங்க காலத்துல ஒருத்தன் பாண்டிக்குக் கெளம்புறான்னா ஊரே ஒரு மாதிரியாச் சிரிக்கும். திரும்பி வரச்சொல்ல கோரிமேட்டு எல்லையில பையைத் தடவிப் பாப்பாங்க. எங்க பையிலயாவது என்னமோ இருந்துச்சு. உன் போனைத் தொறந்து பாத்தா வெறும் சுவராத்தான் இருக்குது.

பொண்ணு பாக்கப் போனா பூர்வீகம் விசாரிப்பமில்ல? நீ விசாரிச்சியா? தடவித் தடவிப் பாத்தியே, அது துய்ப்ளெக்ஸ் துரை சாஞ்ச சுவரு இல்லடா. அவரு பிரெஞ்சுக்காரங்க கவர்னரா இருந்தது 1742லேர்ந்து 1754 வரைக்கும். 1761ல இங்கிலீஷ்காரன் ஊரைப் புடிச்சு, கோட்டை கொத்தளம் எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட்டான். ஒப்பந்தம் போட்டு பிரெஞ்சுக்காரங்களுக்கே திருப்பிக் கொடுத்த பொறவு, 1765லேர்ந்து மறுபடியும் எழுப்பின ஊருதான் நீ பாத்தது. அதுக்கு முன்னாலயே 1693ல டச்சுக்காரன் புடிச்சு 1699ல விட்டுட்டுப் போயிருக்கான். இத்தனை பேரு வந்து என்னுது உன்னுதுன்னு சண்டை போட்ட ஊரு, ரெண்டு ராத்திரி ரூம் எடுத்துத் தங்கின உன்னை நெனச்சுக்கினு ஏங்குமா?

அதைவிடப் பழசு வேணும்னா அரிக்கமேட்டுக்குப் போயிருக்கணும். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால ரோமாபுரிச் சாமானெல்லாம் வந்து எறங்கின எடம். 1945ல வீலர்னு ஒரு வெள்ளைக்காரரு தோண்டினாரு. ஒயின் ஊத்தி வந்த ஜாடி ஓடெல்லாம் கெடைச்சுச்சு. அந்தப் பக்கம் அப்பவே சரக்குக்குப் பேர் போனது, பாத்துக்கோ. போனியா? போயிருக்க மாட்டே. அங்க காப்பிக் கடை இல்ல.

சரி, பெரிய வாய்க்காலையாவது தாண்டினியா? வாய்க்காலுக்குக் கெழக்கே வெள்ளைக்காரன் தெரு, மேக்கே தமிழன் தெரு. நீ காட்டின படமெல்லாம் கெழக்கு. அந்த வீடுங்க எப்படி இருக்கும்? ஒசரமா மதிலு, நடுவுல ஒரு கேட்டு, அதுவும் சாத்தியிருக்கும். மேக்கே வைசியாள் வீதிக்குப் போய்ப் பாரு. வீட்டுக்காரன் தெருவுல போறவனுக்கு நெழலாவட்டும்னு மரத்தூண் நட்டு, ஓடு போட்டு, தாழ்வாரம் எறக்கி விட்டிருப்பான். அதுக்குள்ள திண்ணை. திண்ணையைத் தாண்டினா முத்தம். சில வீட்டுல கீழ் மாடி நம்ம கட்டு, மேல் மாடி பிரெஞ்சுக் கட்டு. உக்காருன்னு சொல்ற வீடெல்லாம் மேக்கால இருக்க, சாத்தின மதிலைப் பாத்துக் காதலிச்சவன் நீ ஒருத்தன்தான்டா.

மேக்கேதான் ஆனந்தரங்கப் பிள்ளை வீடும் இருக்குது. துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷா, அதான் மொழிபெயர்ப்பாளரா, இருந்த மனுசன். 1736லேர்ந்து தமிழ்ல நாட்குறிப்பு எழுதினாரு. எந்தக் கப்பல் வந்துச்சு, என்ன சரக்கு எறங்குச்சு, கவர்னர் என்ன சொன்னாரு, யாரு யாரைப் பத்திக் கோள் மூட்டினாங்க, ஒண்ணையும் விடல. 1761 ஜனவரியில அவரு கண்ணை மூடினாரு. நாலஞ்சு நாள்ல ஊரும் விழுந்துச்சு. நீயும்தான் போன்ல தெனம் எழுதுறே. கப்பலுக்குப் பதிலா காப்பி வந்த சேதி.

இப்பக் கடலுக்கு வரேன். கருங்கல்லு மேல உக்காந்து, தாடையில கை வச்சு, ஞானி மாதிரி ஒரு படம் புடிச்சியே, அந்தக் கல்லெல்லாம் கடலரசன் கொடுத்த சீதனம்னு நெனச்சியா? அலை மணலைத் தெக்கேர்ந்து வடக்கே தள்ளிக்கினே போவும். தெக்கே துறைமுகத்துக்குன்னு கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீட்டிட்டாங்க. மணலு அங்கயே தங்கிடுச்சு, வடக்கே கரையை அலை அரிச்சுடுச்சு. மிச்ச ஊரையாவது காப்பாத்தக் கொட்டினதுதான் நீ உக்காந்த கல்லு. கொஞ்ச வருசத்துக்கு முன்னாலதான் தண்ணிக்குள்ள ஒரு தடுப்பைப் போட்டு, காந்தி சிலைக்கு வடக்கே கொஞ்சம் மணலைத் திரும்ப வர வச்சாங்க. அடுத்த தரம் போனா படம் புடிக்காம அங்க இருக்குற மீன்காரங்க கிட்ட நின்னு கேளு, கரை எங்க இருந்துச்சுன்னு கையை நீட்டிக் காட்டுவாங்க.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழின்னு மழையும் புயலும் வர்ற மாசம் இருக்குது. 2011 டிசம்பர் 30ல தானே புயலு வந்தப்ப காதலிக்க ஒருத்தனும் வரல. 2014ல ஒரு மழைக்கு மேரின்னு சொல்ற பழைய நகராட்சிக் கட்டடமே சரிஞ்சு விழுந்துச்சு, பொறவு பழைய மாதிரியே கட்டி நிமித்தினாங்க. உப்புக் காத்துல உன் வண்டிச் சங்கிலி ரெண்டு வருசம் தாங்குனா அதிசயம்.

வீடு பாக்கப் போறேன்னு சொன்னே இல்ல? பாரதியாரு 1908ல போயி பத்து வருசம் அங்க இருந்தாரு. வாடகை கேக்க வந்த விளக்கெண்ணெய்ச் செட்டியாரு, கேக்காமலே திரும்பிப் போயிடுவாராம். அப்படியாப்பட்ட செட்டியாரு கெடைச்சும், 1918ல கெளம்பி வந்துட்டாரு, கடலூர்கிட்ட போலீஸ் புடிச்சுது. உனக்கு வாய்க்கப்போற வீட்டுக்காரரு பத்து மாச அட்வான்ஸை எண்ணி வாங்கினப்புறந்தான் சிரிப்பாரு.

பத்திரத்துக்கும் அவசரப்படாதே. இந்தியாவோட சேரலாமான்னு 1954 அக்டோபர்ல கீழூர்ல 178 பேரு கூடி ஓட்டுப் போட்டாங்க. 170 பேரு சரின்னாங்க, 8 பேரு அப்பவும் தலையாட்டல. நவம்பர் 1ல ஆட்சி கைமாறுச்சு. சட்டப்படி கையெழுத்து முழுசா முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆச்சு. ஊருக்கே பத்திரம் முடிய எட்டு வருசம் புடிச்சிருக்குது, நீ ஒரு சாயங்காலக் காத்துல முடிவு பண்ணிட்டியே!

நான் வேணாம்னு சொல்லலடா. நம்ம மயிலம் முருகனுக்கும் அந்தக் கடல் மேல ஆசைதான். வருசா வருசம் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்துக்குப் போறாரு, தீர்த்தவாரி ஆடுறாரு, ஜனங்களுக்குக் காட்சி கொடுக்குறாரு, மூட்டை கட்டிக்கினு மலைக்குத் திரும்பிடுறாரு. இத்தனை வருசத்துல அங்க ஒரு கிரவுண்டு வாங்கணும்னு அவருக்குத் தோணல. ரெண்டு பொண்டாட்டிக்காரரே அடக்கமா இருக்காரு, ஒத்தை ஆளு நீ துள்ளுறே.

அதனால கேளு. இந்த மாசி மகத்துக்கு அவரு கூடப் போ. கூட்டத்துல முட்டி மோதிக் கடல்ல முங்கு. அப்படியே பெரிய மார்க்கெட்டுக்குப் போயி மீனு வெலை கேட்டு, அந்த அம்மாங்க கிட்ட நாலு வசவு வாங்கு. சித்திரை வெயில்ல ஒரு தரம், கார்த்திகை மழையில ஒரு தரம், வாய்க்காலுக்கு மேக்கே சுத்து. அதுக்கப்புறமும் புடிச்சிருந்தா வந்து சொல்லு, அட்வான்ஸ் பணம் நான் தரேன். வட்டி மட்டும் மாசம் பொறந்தா ஒண்ணாந்தேதி வந்துடணும்.